வீட்டு டிஜிட்டல் ஆர்கன்: கனமான கட்டைதான் நல்ல கட்டையா?

வீட்டில் வைத்து வாசிக்க ஒரு டிஜிட்டல் ஆர்கன் வாங்கணும், இல்லைன்னா கீபோர்டையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து நாமே ஒன்று அமைச்சுக்கணும் என்று நினைப்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: "கட்டை நல்லா கனமா இருக்கணும். வெயிட்டட் கீஸ் பார்த்து வாங்குங்க." கடைக்காரர் சொல்வார், வகுப்பெடுக்கும் மாஸ்டர் சொல்வார், யூடியூபும் அதையே சொல்லும். அடிப்படியில் கனமில்லாத கீபோர்டு, நடுவில் செமி வெயிட்டட், உச்சியில் ஹேமர் ஆக்‌ஷன் என்று ஒரு ஏணியே போட்டு வைத்திருக்கிறார்கள். படி ஏற ஏற விலையும் ஏறும், மரியாதையும் ஏறும்.

இந்த ஏணி பியானோவுக்காகப் போடப்பட்டது. பியானோ வாங்குகிறவருக்கு அது சரியான ஏணிதான். ஆர்கன் வாங்குகிறவர் அதில் ஏறினால், கூடுதல் காசு கொடுத்துத் தனக்கு வேண்டாததை வாங்கிக்கொண்டு வருவார். சங்கரன்கோவில் மாதிரி ஊரிலிருந்து வாங்குகிறவருக்கு இது இன்னும் சிக்கல். நாலு மாடலைத் தொட்டுப் பார்க்கணும்னாலே திருநெல்வேலிக்கோ மதுரைக்கோ பஸ் ஏறணும். அங்கேயும் கடையில் இருப்பது பெரும்பாலும் பியானோவும் சாதாரண கீபோர்டும்தான். மிச்சத்தை ஆன்லைனில் படம் பார்த்து, "ஃபுல்லி வெயிட்டட்" என்ற இரண்டு வார்த்தையை நம்பி வாங்குகிறோம். அந்த இரண்டு வார்த்தை என்ன சொல்லுது, எதைச் சொல்லாம விடுது என்று பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

சுத்தியலும் மூடியும்

பியானோவில் கட்டையை அழுத்தினால் உள்ளே ஒரு சுத்தியல் எழும்பிக் கம்பியை அடிக்கும். எவ்வளவு வேகமா அழுத்துறோமோ அவ்வளவு வேகமா சுத்தியல் போகும், ஒலியும் அவ்வளவு பெரிசா வரும். கட்டை இறங்கத் தேவையான எடை சுமார் 50 கிராம். அந்தக் கனம் அலங்காரத்துக்கு வைத்தது கிடையாது. மெதுவாக, வலுவாக, அதற்கு இடையிலுள்ள நூறு நிலைகளில் விரல் ஒலியை ஆளுவதற்கு அந்த எதிர்ப்பு வேணும். கனமில்லாத கட்டையில் அந்தக் கட்டுப்பாடு நழுவிவிடும். ஆகவே டிஜிட்டல் பியானோவில் ஹேமர் ஆக்‌ஷனுக்குக் காசு கொடுப்பதில் நியாயம் இருக்கு.

குழல் ஆர்கனில் கட்டைக்கு அடியில் சுத்தியலே கிடையாது. காற்று நிரம்பிய ஒரு பெட்டி இருக்கும். ஒவ்வொரு கட்டைக்கும் அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன மூடி. கட்டையை அழுத்தினால் மூடி திறக்கும், காற்று குழலுக்குள் போகும், ஒலி வரும். விட்டால் மூடி அடைக்கும், ஒலி நிற்கும். வேகமாக அழுத்தினாலும் மெதுவாக அழுத்தினாலும் சத்தத்தின் அளவு மாறாது. சத்தம் கூட்டணும்னா இன்னொரு ஸ்டாப்பை இழுக்கணும், இல்லைன்னா குழல்கள் இருக்கும் அறையின் கதவுப் பலகைகளைக் காலால் திறக்கணும்.

அப்போ ஆர்கனில் விரலுக்கு என்னதான் வேலை? இரண்டே விஷயம். ஒலி எப்போ தொடங்கணும், எப்போ முடியணும். ஆர்கன் வாசிப்பின் நுணுக்கமெல்லாம் இந்த இரண்டில் அடங்கியிருக்கு. ஒரு சுரத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுறோம், ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கும்போது எப்படிப் பிரிக்கிறோம், நாலு விரலையும் ஒரே நொடியில் எடுக்கிறோமா என்பதெல்லாம்தான் அங்கே உணர்ச்சி. பியானோவில் கட்டை ஒரு நெம்புகோல். ஆர்கனில் அது ஒரு கதவு. கதவை எடை போட்டு யாரும் வாங்குவதில்லை. திறக்க வேண்டிய நேரத்தில் திறக்குதா, அடைக்க வேண்டிய நேரத்தில் அடைக்குதான்னுதான் பார்ப்போம்.

கனத்தோடு நூறு வருஷச் சண்டை

"பழைய பெரிய ஆர்கன்களில் கட்டை கனமாத்தானே இருந்தது?" என்று ஒரு கேள்வி வரும். இருந்தது, உண்மை. அந்தக் கனம் எங்கிருந்து வந்ததுன்னு பாருங்க. காற்றழுத்தம் மூடியை இறுக்கிப் பிடித்திருக்கும். அதைத் திறக்க விரல் அந்த அழுத்தத்தை உடைக்கணும். ஆர்கன் பெரிசாக ஆக, ஒரு கட்டை திறக்க வேண்டிய மூடிகளின் அளவும் எண்ணிக்கையும் கூடும். இரண்டு மூன்று கட்டை வரிசைகளைக் கோத்து ஒன்றாக வாசித்தால் எல்லாப் பாரமும் ஒரே விரலில் விழும்.

இதை ஆர்கன்காரர்கள் கொண்டாடவில்லை, ஒரு தொல்லையாகத்தான் பார்த்தார்கள். சார்லஸ் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், காற்றின் பலத்தையே கொண்டு கட்டைக்கு உதவும் ஒரு நெம்புகோலை உருவாக்கினார். பாரிஸ் அருகே சான் தெனி தேவாலயத்தில் கவாயே கோல் 1841-ல் முடித்த பெரிய ஆர்கனில் அது பொருத்தப்பட்டது. அதற்குப் பிறகு காற்றுக் குழாய் வழி, மின்சாரம் வழி என்று விரலின் பாரத்தைக் குறைக்கும் வேலை தொடர்ந்து நடந்தது. 20-ம் நூற்றாண்டில் பல கைவினைஞர்கள் பழைய இயந்திர முறைக்குத் திரும்பினார்கள். கனம் போதவில்லை என்பதா காரணம்? மூடி திறக்கும் அந்தக் கணம் விரலுக்குத் தெரியணும் என்பதுதான் காரணம்.

இயந்திர ஆர்கனில் கட்டை முதல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எதிர்க்கும். மூடி விலகியதும் 'டக்'கென்று லேசாகிவிடும். தாழ்ப்பாள் விடுபடுவது மாதிரி. பியானோவின் கனம் வேறு வகை; அங்கே ஒரு நிறையை நாம் நகர்த்துகிறோம். இரண்டையும் 'கனம்' என்ற ஒரே சொல்லில் அடைத்ததுதான் கடைப்பேச்சு செய்த பெரிய குழப்பம்.

இந்த வித்தியாசத்தை நேரில் உணரணும்னா தமிழ்நாட்டிலேயே குழல் ஆர்கன் இருக்கு. சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் இருப்பது இங்கிலாந்தின் ஹடர்ஸ்ஃபீல்டைச் சேர்ந்த பீட்டர் கொனாக்கர் கம்பெனி செய்து 1883-ல் நிறுவியது. ஆராதனை நேரத்தில் போய் உட்கார்ந்து, சுரங்கள் தொடங்கும் விதத்தை விட முடியும் விதத்தைக் கவனிச்சுக் கேளுங்க.

நம்ம ஊர்க் கைக்குத் தெரிந்த கட்டை

சென்னை வரைக்கும் போக முடியாதவர்களுக்கு, ஆர்கனின் நெருங்கிய சொந்தம் ஒன்று தென்மாவட்டத்தில் எப்போதோ வந்து குடியேறியாச்சு. ஆர்மோனியம். கட்டையை அழுத்தினால் உள்ளே மூடி தூக்கும், துருத்தியின் காற்று ரீட் வழியாகப் போகும், ஒலி வரும். குழலுக்குப் பதில் பித்தளை ரீட், அவ்வளவுதான் வேறுபாடு. சத்தத்தைக் கூட்டுவது துருத்தி போடும் கையோ காலோ, விரல் கிடையாது. ஐரோப்பாவிலிருந்து வந்த கால் ஆர்மோனியத்தைக் கையால் துருத்தி போடும் பெட்டியாக்கியவர் கல்கத்தாவின் துவாரகநாத் கோஷ் என்றும், ஆண்டு 1875 என்றும் சொல்வார்கள். தமிழ் நாடக மேடையில் கால் ஆர்மோனியம் ராஜாவாக இருந்தது. சங்கரன்கோவில் வழியாகப் போகும் அதே ரயில் பாதையில் இருக்கும் செங்கோட்டை, எஸ். ஜி. கிட்டப்பாவின் ஊர். அவருக்கு மேடையில் ஆர்மோனியம் வாசித்தவர் அண்ணன் காசி ஐயர்.

நம்ம பேச்சிலேயே இதற்குச் சாட்சி இருக்கு. பாடகரின் சுருதியைச் சொல்லும்போது "ஒரு கட்டை", "அஞ்சரைக் கட்டை" என்கிறோம். ஆர்மோனியத்தின் கட்டையை எண்ணித்தான் அந்த வழக்கு வந்தது. குரலை அளக்கவே கட்டையைக் கோலாக வைத்திருக்கும் ஊரில், கட்டை எப்படி இருக்கணும் என்பதற்கு பியானோவைக் கேட்டுப் போக வேண்டிய அவசியம் இல்லை.

ஆர்மோனியத்தின் மேல் ஒரு பழைய வழக்கும் உண்டு. கமகம் வராது, சுரத்துக்குச் சுரம் வழுக்க முடியாது என்று சொல்லி 1940-ல் அகில இந்திய வானொலி அதைத் தடை செய்தது. 1971 வாக்கில்தான் அந்தத் தடை தளர்ந்தது. தடை சரியா தப்பா என்பது தனிக் கதை. கட்டையால் எது முடியாது என்பதை அந்த விமர்சகர்கள் தெளிவாகப் பார்த்தார்கள் என்பது மட்டும் உண்மை. சுரம் எப்போ தொடங்குது, எப்போ முடியுது என்பதற்கு மேல் கட்டையிடம் ஒன்றும் கேட்க முடியாது. கட்டையைக் கனமாக்கினால் கமகம் வந்துவிடாது. அதற்கு வேறு பரப்பே வேணும். ஏ. ஆர். ரஹ்மான் வாசிக்கும் கன்டினியம் என்ற கருவியில் கட்டையே இல்லாததற்குக் காரணம் அதுதான். கட்டை வைத்த கருவி வாங்குகிறோம் என்றால், கட்டை செய்யக்கூடிய அந்த இரண்டு வேலையையாவது அது சுத்தமாகச் செய்யணும்.

விளம்பரம் சொல்லாத விஷயம்: இரண்டு காண்டாக்ட்

இப்போ டிஜிட்டலுக்கு வருவோம். இன்றைய சாதாரண கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் ரப்பர் குமிழில் இரண்டு காண்டாக்ட் இருக்கும். கட்டை இறங்கும்போது முதலில் ஒன்று தொடும், பிறகு இன்னொன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளந்துதான் கருவி நம் வேகத்தைக் கணக்கிடும். இதிலிருந்து ஒரு விளைவு தானாக வருது. இரண்டாவது காண்டாக்ட் தொடும் வரை ஒலி தொடங்காது. அதாவது கட்டை கிட்டத்தட்ட அடிக்குப் போன பிறகுதான் ஒலி. விடும்போதோ, பெரும்பாலான கீபோர்டுகளில் மேலிருக்கும் முதல் காண்டாக்ட் விலகினால்தான் ஒலி நிற்கும். அதாவது கட்டை கிட்டத்தட்ட முழுசா எழும்பிய பிறகு.

தொடக்கமும் தாமதம், முடிவும் தாமதம். ஒரே சுரத்தைத் திரும்ப வாசிக்க விரல் அடிமட்டத்திலிருந்து உச்சி வரை போய் மறுபடி அடிக்கு வரணும். பியானோ ஒலியில் இது பெரிசா உறுத்தாது. அடித்த ஒலி தானே தேய்ந்துவிடும். ஆர்கன் ஒலி தேயாது. முந்தின சுரம் முழு பலத்தோடு நிற்கும்போதே அடுத்தது வந்து மேலே ஏறும். கேட்பவருக்கு அது குழம்பிய வாசிப்பு. வாசிப்பவர் தன் விரலைத்தான் நொந்துகொள்வார்.

"டச் ரெஸ்பான்ஸை ஆஃப் பண்ணிட்டா சரியாப் போச்சு" என்பார்கள். சத்தம் ஒரே அளவாகும், அது சரி. ஒலி தொடங்கும் இடம் பல கீபோர்டுகளில் அதே அடிமட்டத்தில்தான் இருக்கும்.

கம்ப்யூட்டரில் ஹாப்ட்வெர்க் போன்ற மென்பொருள் வைத்து வாசிப்பவர்கள் ஆடியோ தாமதத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள். 48,000 சாம்பிள் வேகத்தில் 256 சாம்பிள் பஃபர் என்றால் சுமார் 5 மில்லிசெகண்ட். நிதானமாக இறக்கும் ஒரு கட்டை இரண்டு காண்டாக்ட்டுக்கும் நடுவே எடுத்துக்கொள்ளும் நேரம் அதைவிடப் பல மடங்கு. அதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை.

தீர்வு புதுசா கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஹாமண்ட் ஆர்கனின் கட்டைகள் பாதி தூரம்கூட இறங்க வேண்டியதில்லை, ஒலி வந்துவிடும். அதைப் பின்பற்றும் நார்ட் போன்ற மேடைக் கீபோர்டுகளில் ஆர்கன் ஒலிக்கு மட்டும் மேல் காண்டாக்ட்டிலேயே ஒலி தொடங்கும் வசதி உண்டு. ஆர்கனுக்கென்றே செய்யப்படும் கட்டை வரிசைகளிலும் இதைக் கவனிப்பார்கள். அப்படிப்பட்ட வரிசைகளைச் செய்து பல கம்பெனிகளுக்குக் கொடுக்கும் ஃபேட்டார், இத்தாலியில் அக்கார்டியனுக்குப் பேர்போன காஸ்டெல்ஃபிடார்தோ பக்கத்து ஊரான ரெகனாட்டியில் இருக்கு. அக்கார்டியனும் ரீட் கருவிதான், நம்ம ஆர்மோனியத்துக்குப் பங்காளி.

'டிராக்கர் டச்' என்ற ஆடம்பரம்

ஏணியைத் தள்ளிவிட்டவர்களுக்கு அடுத்த கண்ணி இது. விலை உயர்ந்த டிஜிட்டல் ஆர்கன்களில், மூடி விலகும் அந்த 'டக்' உணர்வை ஸ்பிரிங் அல்லது காந்தம் வைத்து உண்டாக்குவார்கள். தொட்டுப் பார்த்தால் மயக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் உண்மையான இயந்திர ஆர்கனில் அந்த எதிர்ப்புக்குப் பின்னால் நிஜமாகவே ஒரு மூடி இருக்கு. டிஜிட்டலில் அந்த இடத்தில் இருப்பது ஒரு பதிவு. நாம் எப்படித் திறந்தாலும் அந்தப் பதிவு பொதுவாக ஒரே மாதிரிதான் தொடங்கும். காரணத்தை விட்டுவிட்டு உணர்வை மட்டும் எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அதனால் அது வீண் என்று சொல்ல மாட்டேன். மேலே ஒரு சின்ன எதிர்ப்பு இருந்தால், பக்கத்துக் கட்டையில் விரல் தெரியாமல் பட்டாலும் ஒலி வராது. ஒலி எங்கே தொடங்குது என்று விரலுக்கும் தெரியும். ஒரு நிபந்தனை உண்டு: 'டக்' வரும் இடமும் ஒலி வரும் இடமும் ஒன்றாக இருக்கணும். இரண்டும் வேறாக இருந்தால், விரலுக்கு ஒன்றும் காதுக்கு வேறொன்றுமாகப் பொய் சொல்லும் கட்டை அது. அதற்கு எதிர்ப்பே இல்லாத சாதாரணக் கட்டை மேல்.

பாமாலையும் கீர்த்தனையும்

நம்ம பக்கத்தில் வீட்டு ஆர்கன் வாங்குபவர்களில் நிறைய பேர் கோயில் ஆராதனைக்குத் தயாராகுபவர்கள். அவர்கள் கைக்கு இரண்டு விதமான பாட்டு வரும். ஒன்று பாமாலை: மேல்நாட்டு ராகத்தில் நாலு குரலாக நகர்வது. அங்கே ஒரு சுரத்தைப் பிடித்துக்கொண்டே விரலை மாற்றணும், மூன்று குரல் நிற்க ஒன்று மட்டும் நகரணும், வரி முடிவில் சபை மூச்சு விடும்போது எல்லா விரலும் ஒன்றாக எழும்பணும். இதற்குச் சுத்தமாக விடும் கட்டை வேணும்.

இன்னொன்று கீர்த்தனை. திருநெல்வேலியில் 1774-ல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் முதல் பலர் எழுதியவை, நம்ம ராகத்தில் நம்ம தாளத்தில் போகும். ஒற்றை வரியாக, ஒரே சுரம் அடுத்தடுத்து, சின்னச் சின்ன உதறலோடு. இதற்கு மேல்மட்டத்திலேயே ஒலி தந்து உடனே திரும்பும் லேசான கட்டை வேணும். ஹேமர் ஆக்‌ஷனில் சுத்தியலின் நிறை கீழே இறங்கி மேலே வந்தாக வேண்டும். ஒரு சரணம் முடிவதற்குள் விரல் தளர்ந்துவிடும். கீர்த்தனை வாசிக்கும் பிள்ளைக்கு அதிகக் கனமான கட்டையை வாங்கிக் கொடுத்துவிட்டு, "கை வேகம் வரலையே" என்று அதட்டுவது எந்த நியாயம்?

ஹேமர் ஆக்‌ஷனுக்கு ஒரு நியாயமான இடம் உண்டு. அதே வீட்டில் பியானோ தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை இருந்து, ஒரே ஒரு கருவிதான் வாங்க முடியும் என்றால், பியானோவின் தேவைதான் முதலில் வரும். ஆர்கனுக்கு அது சமரசம் என்று தெரிந்தே வாங்கணும்.

கடையில் அஞ்சு நிமிஷம்

விவரத்தாளை மடித்து வைத்துவிட்டு, ஆர்கன் ஒலியைப் போட்டு இதைச் செய்து பாருங்க.

ஒரு கட்டையை மிக மெதுவாக இறக்குங்க. ஒலி எந்த ஆழத்தில் வருது? பாதிக்கு மேலேயே வந்தால் நல்லது. அடியில் முட்டின பிறகுதான் வருதென்றால் யோசிங்க.

பிடித்த கட்டையை மெதுவாக மேலே விடுங்க. எங்கே நிற்குது? தொடங்கிய இடத்துக்கும் நிற்கும் இடத்துக்கும் தூரம் குறையக் குறைய நல்லது.

கட்டையை முழுசாக எழும்ப விடாமல் ஒரே சுரத்தை வேகமாகத் தட்டுங்க. விட்டுவிட்டு வருதா, எல்லாம் வருதா?

இரண்டு கறுப்புக் கட்டைக்கு நடுவே, வெள்ளைக் கட்டையின் உள்பக்கத்தில் அழுத்திப் பாருங்க. விலை குறைந்த கீபோர்டுகளில் கட்டையின் நீளம் உள்ளே குறைவு. அந்த இடத்தில் கல் மாதிரி இருக்கும். நாலு குரல் வாசிக்கும்போது விரல் அடிக்கடி அங்கேதான் போகும்.

கடைசியாக, ஒலியை அணைத்துவிட்டு வாசியுங்க. கட்டை தட்டும் சத்தம் எவ்வளவு? ஹெட்ஃபோன் போட்டு ராத்திரி வாசித்தால் உங்களுக்கு இசை, கீழ்வீட்டுக்கு அந்தத் தட்டல் மட்டும். தறிச் சத்தம் ஓயாத தெருவில் வீடு என்றால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகலாம்.

காசு எங்கே போகணும்

மரக்கட்டை அழகு, தொடுவதற்கும் இதம். மரம் ஈரத்தைக் குடிக்கும் என்பதும் தெரிந்ததுதான்; ஐப்பசி கார்த்திகை மழையில் ஆர்மோனியக் கட்டை சிக்கிக்கொள்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டாம். கரிசல் காட்டுத் தூசி இன்னொரு பக்கம். ரப்பர் காண்டாக்ட்டுக்குள் தூசி போனால் சில சுரம் விட்டுவிட்டு வரும், சில சுரம் எகிறும். ஆகவே வாங்கும்போதே, கழற்றித் துடைக்க முடியுமா, அந்த ரப்பர் பட்டை தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்க. ஒரு மெல்லிய துணி உறைக்கு ஆகும் செலவு, மரக்கட்டைக்குக் கொடுக்கும் கூடுதல் காசைவிடக் கருவியின் ஆயுளைக் கூட்டும்.

என் வரிசை இதுதான். முதல் காசு, மேல்மட்டத்தில் ஒலி தந்து சுத்தமாக விடும் 61 கட்டைக்கு. அடுத்தது, அதே மாதிரி இரண்டாவது வரிசைக்கு. அதற்கடுத்தது காலுக்கான கட்டைகளுக்கு. கால் இல்லாமல் ஆர்கன் பாதிதான். அதற்குப் பிறகும் மிச்சமிருந்தால் 'டக்' உணர்வு, மரம், மற்ற அழகுகள். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முழுக் காசையும் 88 கனமான கட்டையில் போட்டால், கடைசியில் கையில் இருப்பது ஆர்கன் ஒலி வரும் ஒரு பியானோ.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை மட்டும் செய்யுங்க. தெரிந்தவர் வீட்டிலோ கோயில் மூலையிலோ ஒரு பழைய ஆர்மோனியம் சும்மா கிடக்கும். காற்று ஒழுகினாலும் பரவாயில்லை. கேட்டு வாங்கி, பிள்ளையை ஒரு வாரம் அதில் வாசிக்க விடுங்க. மூடி திறப்பதும் அடைப்பதும் எப்படி இருக்கும் என்று அதன் விரலுக்குத் தெரிந்துவிடும். பிறகு கடைக்குக் கூட்டிக்கொண்டு போனால், எந்தக் கட்டை வேணும் என்று பிள்ளையே சொல்லும்.